மூன்று கூலிகள்: கொங்கு நாட்டு ஊதிய வரலாறு

கொங்கு நாட்டுக் கிராமமொன்றில் காட்டு வேலைக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ஆளுக்கு?" என்னும் எதிர்வினாதான் முதலில் வரும். ஆண் ஆளுக்கு ஒரு கூலி. பெண் ஆளுக்கு ஒரு கூலி. பையனுக்கு ஒரு கூலி. மூவரும் ஒரே வெயிலில் நிற்பவர்கள். ஒரே தூக்குப்போசியிலிருந்து கஞ்சி குடிப்பவர்கள். ஆயினும் மாலையில் அவர்கள் கையில் விழும் காசு மூன்று விதம். நம் பேச்சு வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது. "ஆள்" என்று அடைமொழியின்றிச் சொன்னால் அது ஆணைக் குறிக்கும். பெண்ணைச் சொல்ல வேண்டுமானால் "பொம்பளை ஆள்" என்று சேர்த்துச் சொல்லவேண்டும். ஆணுடையது முழுக் கூலி, மற்றவை அதில் குறைத்துக்கொண்டவை என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே படிந்திருக்கிறது.

இந்த மூன்று கூலி முறை காட்டிலிருந்து மில்லுக்கும், மில்லிலிருந்து பனியன் கம்பெனிக்கும், அங்கிருந்து நம் வீட்டுத் திண்ணைக்கும் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது பிறர் கதையன்று. கோவையிலும் திருப்பூரிலும் வாழும் நம் சமுதாயத்தார் இவ்வரலாற்றில் முதலாளிகளாகவும் இருந்திருக்கிறார்கள்; தொழிலாளிகளாகவும் இருந்திருக்கிறார்கள்.

காடும் தோட்டமும்

கொங்கு நாட்டில் நிலத்தை மூவகையாகச் சொல்வது மரபு. வானம் பார்த்தது காடு. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். ஆற்று நீர் பாய்வது வயல். தோட்டத்தின் உயிர் கிணறு. மின்சார மோட்டார் வருமுன் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தது ஆண்களின் வேலை. களையெடுப்பும் பருத்தி எடுப்பும் பெண்களின் வேலை. ஆடு மாடு மேய்ப்பது சிறுவர்களின் வேலை. அதற்கு ஊதியம் பெரும்பாலும் சோறும் துணியுமே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இங்கு வந்து, கிணற்றுத் தோட்டங்களில் வேகமாகப் பரவியது. பருத்தி பெருகப் பெருகப் பெண் கைகளின் தேவையும் பெருகியது. வெடித்த காயிலிருந்து பஞ்சைச் சருகு ஒட்டாமல் எடுப்பது பொறுமையும் விரல் நயமும் வேண்டும் வேலை. தவறினால் பஞ்சின் தரம் கெடும், விலை குறையும். விலையை நிர்ணயிக்கும் அவ்வேலைக்குக் கவலை ஓட்டுபவனின் கூலி தரப்படவில்லை. காரணம் கேட்டால், "அது பெண்கள் செய்யும் வேலைதானே" என்பதே விடையாக இருந்தது. வேலையின் அருமை கூலியை நிர்ணயிக்கவில்லை. செய்பவர் யார் என்பதே நிர்ணயித்தது. பின்வந்த நூற்றாண்டு முழுவதும் நாம் காணப்போவது இதைத்தான்.

மில்லும் சட்டமும்

1888-ஆம் ஆண்டில் இராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையின் முதல் நூற்பாலையை நிறுவினார். ஸ்டேன்ஸ் மில் என்றே அது ஊரார் வாயில் வழங்கியது. அதற்கு ஏழாண்டுகள் முன்னதாகவே இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்திருந்தது. 1881-ஆம் ஆண்டின் அச்சட்டப்படி 7 வயது நிறைந்த குழந்தையை வேலைக்கு வைக்கலாம்; 12 வயதுவரை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 1891-இல் அந்த வயது 9 ஆயிற்று. பெண்களின் வேலை நேரத்திற்கு 11 மணி என்று எல்லை கட்டினார்கள். 1922-இல் குழந்தையின் வயது 12 ஆகவும், 1948-இல் 14 ஆகவும் உயர்ந்தது. ஏழு வயதிலிருந்து பதினான்கு வயதுக்கு ஏற அறுபத்தேழு ஆண்டுகள் தேவைப்பட்டன.

நூற்பு இயந்திரத்தில் நிறைந்த நூற்கட்டைகளைக் கழற்றி வெற்றுக் கட்டைகளை மாட்டுவது பையன்களின் வேலையாயிற்று. நூலைச் சிட்டமாகச் சுற்றும் 'ரீலிங்' பிரிவு பெண்களின் பிரிவாயிற்று. காட்டில் இருந்த பிரிவினையே கூரைக்குள் வந்து இலாகா என்னும் பெயர் பூண்டது.

சட்டத்தின் கண் பெரிய ஆலைகளைத்தான் பார்த்தது. சிறு பட்டறைகளின் நிலை என்ன? 1931-இல் வெளிவந்த அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கை சென்னை மாகாணத்தின் பீடிப் பட்டறைகளைப் பற்றிக் கூறுவதைப் படித்தால் நெஞ்சம் பதைக்கும். ஐந்து வயதுக் குழந்தைகள், பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம், இரண்டணா போன்ற அற்பக் கூலிக்கு உழைத்ததை அது பதிவு செய்தது. தந்தை வாங்கிய முன்பணத்திற்காக மகனின் உழைப்பே அடகு வைக்கப்பட்டது. இதனைத் தடுக்க 1933-இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடை செய்யும் சட்டம் பிறந்தது. அடகு என்னும் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். வேறொரு வேடத்தில் அது மீண்டும் வரும்.

1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைச் சமவெளியை எட்டியது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இரவும் பகலும் ஓடத் தொடங்கின. இங்கேதான் பெண் தொழிலாளரின் கதை திரும்புகிறது. இரவு வேலையிலிருந்து பெண்களைக் காக்க வந்த விதிகள் படிப்படியாக இறுகி, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாலை 7 மணி முதல் காலை 6 மணிவரை அவர்களை வேலைக்கு வைக்கலாகாது என்று நிலைபெற்றன. பேறுகால உதவியும், ஐம்பது பெண்களுக்கு மேல் உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமாயின. இவை யாவும் நியாயமானவை. ஆனால் மூன்று ஷிப்டு ஓட்டும் முதலாளியின் கணக்கில், இரவுக்கு வராத பெண் செலவு மிகுந்தவளாகத் தோன்றினாள். வேலையில் இருந்த பெண்கள் ஓய்வுபெற்ற இடங்களில் ஆண்கள் அமர்த்தப்பட்டனர். பெண்ணைக் காக்க வந்த சட்டத்தின் செலவை அவளையே வெளியேற்றி ஈடுகட்டினார்கள். மில் வேலைக்கு நிரந்தரமும் பஞ்சப்படியும் சேமநிதியும் வந்து, அது மதிப்புள்ள வேலையான காலத்தில், பெண்கள் அதற்கு வெளியே நின்றனர்.

ராட்டை கேட்ட நீதி

ஆலைக்கு வெளியே வேறொரு நூற்பும் கொங்கு நாட்டில் நடந்தது. 1925-இல் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். திருப்பூர் தமிழகக் கதர்ப் பணியின் நடுவிடமாக விளங்கியது. கதரில் நூற்பவர் பெண். நெய்பவர் பெரும்பாலும் ஆண். நெசவுக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்குதான் நூற்புக்குக் கிடைத்தது.

ஏழைக்காகத் தோன்றிய இயக்கமே ஏழைப் பெண்ணுக்குக் குறைந்த கூலி தருவது காந்தியடிகளின் மனத்தை உறுத்தியது. 1935-இல் அவர், நூற்பவர்க்கும் வாழ்வுக்கு ஏற்ற கூலி வேண்டும். ஆணாயினும் பெண்ணாயினும் எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா என்பதே இலக்கு என்று வாதிட்டார். கதரின் விலை ஏறிவிடும் என்று அவருடைய தோழர்களே அஞ்சினர். சங்கம் கூலியை உயர்த்தியது. எனினும் அந்த எட்டணாவை எட்ட இயலவில்லை. பெண்ணின் கூலி குறைவாக இருப்பதனால்தான் துணி மலிவாக இருக்கிறது என்னும் உண்மையை வெளிப்படையாகப் பேசிய அளவில் அவ்விவாதம் வரலாற்றில் நிற்கத்தக்கது.

குடும்பக் கூலி என்னும் கணக்கு

விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பெரியவர், இளையர், குழந்தைகள், பயிற்சியாளர் என்று வயதுவாரியாக வெவ்வேறு கூலி நிர்ணயிக்க இடமளித்தது. 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு தேவை அடிப்படையிலான ஊதியத்திற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. உழைப்பவர் ஒருவரை ஓர் அலகு என்றும், மனைவியை 0.8 என்றும், இரு குழந்தைகளை ஆளுக்கு 0.6 என்றும் கொண்டு, மொத்தம் மூன்று அலகுகளுக்கு ஊதியம் கணக்கிடப்பட வேண்டும் என்றது. ஆண்டுக்கு இக்குடும்பத்திற்கு 72 கெஜம் துணி வேண்டும் என்றுகூட எழுதியது. பெண்களும் சிறுவர்களும் ஈட்டுவதைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றும் கூறியது.

இதன் நோக்கம் உயர்ந்தது. மனைவியும் மக்களும் உழைக்கிறார்கள் என்று காட்டி ஆணின் கூலியை முதலாளி குறைத்துவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. ஆனால் அதன் நிழல் வேறு பக்கம் விழுந்தது. குடும்பத்தைக் காப்பவன் ஆண். பெண் ஈட்டுவது உபரி. உபரிக்கு ஏன் முழுக் கூலி? இவ்வாறு வாதிடுவோர்க்கு அது வசதியாயிற்று. கணவனை இழந்தவளும் கைவிடப்பட்டவளும் அந்த மூன்று அலகுக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? கோவை மக்கள் இக்கேள்வியின் கூர்மையை 1997-இன் இறுதியிலும் 1998 பிப்ரவரியிலும் நேர்ந்த துயரங்களுக்குப் பின் நன்கு உணர்ந்தனர். எந்தச் சமயத்தாராயினும், ஆணை இழந்த வீட்டில் பெண்ணின் குறைந்த கூலியே வீட்டின் முழு வருவாயாயிற்று.

பனியன் நகரம்

1925-இல் குலாம் காதர் என்பார் தொடங்கிய 'பேபி நிட்டிங்' நிறுவனமே திருப்பூரின் முதல் பின்னலாடைத் தொழிலகம் என்று அந்நகர வரலாற்றை எழுதியோர் குறிப்பர். உலகச் சந்தையை எட்டிய ஒரு தொழிலுக்கு நம் சமுதாயத்தார் ஒருவர் வித்திட்டார் என்பது பெருமைக்குரியது. அந்தப் பெருமையோடு பொறுப்பும் வருகிறது.

1970-கள்வரை திருப்பூரில் உள்நாட்டுக்கான பனியன்களே முதன்மையாகத் தயாராயின. தையல்காரர் பெரும்பாலும் ஆண்கள். 1978-இல் இத்தாலிய வணிகரொருவர் வந்ததிலிருந்து ஏற்றுமதி தொடங்கியது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியது. வேலை பல சிறு பட்டறைகளுக்குப் பிரிந்தது. பெண்கள் பெருந்திரளாக உள்ளே வந்தனர்.

இதற்குள் சட்டம் மாறியிருந்தது. சம ஊதியம் பற்றிய 1951-ஆம் ஆண்டு அனைத்துலக உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. அனைத்துலக மகளிர் ஆண்டான 1975-இல் அவசரச் சட்டமும், 1976-இல் சம ஊதியச் சட்டமும் வந்தன. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுடைய வேலைக்கோ பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பது குற்றமாயிற்று. 1987-இல் உச்சநீதிமன்றம் பெண் சுருக்கெழுத்தர் ஒருவரின் வழக்கில் இச்சட்டத்தை உறுதிப்படுத்தியது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு இக்கோட்பாட்டைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் மூன்று கூலிகள் மறைந்தனவா? திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொள்ளும் ஊதிய ஒப்பந்தங்களைப் பாருங்கள். ஆண் என்றோ பெண் என்றோ அவற்றில் இராது. கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங் என்று மேலே தொடங்கி, செக்கிங், லேபிள், கைமடி, டேமேஜ், அடுக்கிக் கட்டுதல் என்று பட்டியல் கீழே இறங்கும். வெட்டும் மேசையில் நிற்பவர் ஆண். பிசிறு வெட்டுபவளும் பழுது பார்ப்பவளும் பெண். கைமடி என்பது தையல்காரர் அருகில் துணியை மடித்துக் கொடுக்கும் வேலை. நெடுங்காலம் அது சிறுவர் சிறுமியரின் வேலையாகவே இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பின்னர் சிறப்புப் பள்ளிகளும், 2016-இல் 14 வயதுக்குட்பட்டோர்க்கு முழுத் தடையும் வந்து அந்நிலையைப் பெரிதும் மாற்றின. ஆயினும் பட்டியலின் அமைப்பு மாறவில்லை. பாலும் வயதும் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டு, வேலையின் பெயருக்குள் ஒளிந்துகொண்டன.

கிராமத்தில் இதற்கு ஒரு மாற்றுச் சான்றும் கிடைத்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியை வகுத்தது. தமிழகத்தில் அவ்வேலைக்குத் திரண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களே. தோட்டத்துக் கூலி குறைவாக இருந்தவர்களுக்கே சமக் கூலி உயர்வாகத் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

பரிசு என்னும் பெயரில்

1990-களின் பிற்பகுதியிலிருந்து நூற்பாலைகளில் பெண்கள் மீண்டும் காணப்பட்டனர். இரவுத் தடையை 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதது என்று தீர்ப்பளித்தது. ஆனால் திரும்பி வந்தவர்கள் முன்பு வெளியேறிய அந்த நிரந்தரத் தொழிலாளிகள் அல்லர். பதினைந்திலிருந்து இருபதுக்கு உட்பட்ட, மணமாகாத பெண்கள். தென்மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்டு, ஆலை விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். 'பயிற்சியாளர்' என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றெல்லாம் அந்த ஏற்பாட்டுக்கு மங்கலப் பெயர்கள் வழங்கின. மூன்றாண்டுகள் முடித்தால் 30,000 முதல் 50,000 ரூபாய்வரை திருமணத்திற்காகக் கொடுக்கப்படும். இடையில் விலகினால் அது கைக்கு வராமலே போவதும் உண்டு.

கணக்கிட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாயை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 833 ரூபாய். 50,000 ஆயின் 1,389 ரூபாய். மாதந்தோறும் அவளுக்குக் குறைத்துக் கொடுக்கப்பட்ட அவளுடைய சொந்தக் கூலியே மூன்றாண்டு கழித்துப் பரிசாகத் திரும்பி வருகிறது. வயது குறைவு, பால் பெண், பெயர் பயிற்சியாளர் என்று பழைய மூன்று தள்ளுபடிகளும் ஒரே உடலில் வந்து கூடின. 2008-இல் அரசு இப்பயிற்சியாளர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. பின்வந்த கண்டனங்களால் இத்திட்டங்கள் அதே பெயரில் நடப்பது குறைந்தது. எனினும் 1933-இன் சட்டம் தடுக்க முயன்ற அடகை நாம் இங்கு மறுபடி காண்கிறோம். அன்று தந்தையின் கடனுக்காக மகன் அடகானான். இங்கே வரதட்சணைக்காக மகள் அடகானாள்.

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை என்பதை நம் மதரசாப் பிள்ளைகளும் அறிவர். மூன்றாண்டு காலம் கூலியை நிறுத்தி வைக்கும் முறையை அதன் அருகில் வைத்து நாமே மதிப்பிட்டுக் கொள்ளலாம்.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் வீடுகளுக்கு வருவோம். 2006-இல் சச்சார் குழு அளித்த அறிக்கை, முஸ்லிம் பெண்கள் வேலைக்குச் செல்லும் விகிதம் ஏனையோரினும் குறைவு என்றும், உழைப்பவர்களிலும் பெரும்பகுதியினர் வீட்டிலிருந்தே தொழில் செய்கின்றனர் என்றும் எடுத்துக்காட்டியது. பனியன் மூட்டை வீட்டுக்கு வருகிறது. பிசிறு வெட்டியும், பித்தான் தைத்தும், அடுக்கியும் கொடுக்கிறார்கள். துண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் கை கொடுக்கின்றனர். பாட்டியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறார். மூன்று தலைமுறைப் பெண்களின் உழைப்பு, பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயரில் ஒரே கணக்காகக் கொடுக்கப்படுகிறது. எந்த ஊதிய ஒப்பந்தமும் அந்தத் திண்ணைவரை வருவதில்லை.

இவ்விடத்தில் நம் மார்க்கம் கூறுவது என்ன? ஆண் ஈட்டியதில் ஆணுக்கும், பெண் ஈட்டியதில் பெண்ணுக்கும் தனித்தனி உரிமை உண்டு என்பது திருமறை வகுத்த நெறி. மனைவியின் சொத்தும் சம்பாத்தியமும் அவளுக்கே உரியவை. அவள் மனமுவந்து கொடுத்தாலன்றிக் கணவனுக்கு அதில் உரிமை இல்லை. அன்னை கதீஜா நாயகி (ரலி) மக்கா நகரில் தம் பெயரில், தம் முதலில் வாணிகம் நடத்தியவர். குடும்பச் செலவாகிய நஃபகா ஆணின் மீதுள்ள கடமை. இந்தக் கடமையைக் காட்டிச் சிலர், "செலவெல்லாம் ஆணுக்குத்தானே, பெண்ணுக்கு எதற்கு முழுக் கூலி?" என்று வாதிடுவதைக் கேட்கிறோம். இது தலைகீழான வாதம். நஃபகா ஆணின் தோளில் வைக்கப்பட்ட பொறுப்பு. அதைக் காட்டி வேறொருவர் பெண்ணின் கூலியில் தள்ளுபடி கேட்க மார்க்கத்தில் இடமில்லை. 1957-இன் அளவுகோலைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் செய்த பிழையை நாம் மார்க்கத்தின் பெயரால் செய்துவிடக் கூடாது.

கைக்கூலி என்று நாம் சொல்லும் வரதட்சணையும் இதனோடு பிணைந்ததே. மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் மணமகன். ஆனால் பல வீடுகளில் பெண் தன் பதினாறாம் வயதிலிருந்து பிசிறு வெட்டிச் சேர்த்த காசு, அவளுடைய நிக்காஹ் நாளில் மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போகிறது. குறைந்த கூலியால் ஒருமுறையும், கைக்கூலியால் மறுமுறையும் அவள் இழக்கிறாள்.

இதற்குப் பெரிய மாநாடுகள் தேவையில்லை. முதலாளியாக இருப்பவர் தம் சம்பளப் புத்தகத்தை எடுத்து, வேலையின் பெயரை மறைத்துவிட்டு வேலையின் அருமையை மட்டும் பார்த்துக் கூலியை ஒப்பிட்டு நோக்கட்டும். மூட்டை வாங்கும் வீட்டில் யார் எத்தனை துண்டு முடித்தார் என்று ஒரு சிறு நோட்டில் அவரவர் பெயரில் எழுதி, அந்தப் பணம் அவரவர் கையில் சேரட்டும். பிள்ளைகள் நோட்டில் கணக்கு எழுதட்டும். மூட்டையின் முன் உட்கார வேண்டாம். நிக்காஹ் பேசும்போது பெண்ணின் சேமிப்பு அவளுடைய உடைமை என்பதை மஹல்லாப் பெரியவர்கள் இரு வீட்டார் முன்னிலையிலும் தெளிவாகச் சொல்லட்டும்.

தமிழக அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்திற்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயரிட்டது. வீட்டில் உழைத்த பெண்ணின் பங்கை உரிமை என்று அழைத்த அச்சொல்லை நாம் மதிக்கிறோம். அந்த உரிமையைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டறிந்த சமுதாயம் நாம். நம் வீட்டு நோட்டிலும் நம் கம்பெனிப் புத்தகத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்று மாலையே புரட்டிப் பார்ப்போமாக! நீதியுடன் நிறுக்கும் நெஞ்சத்தை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!